ரசீது சாரின் தம்பி

தொண்டை கட்டியிருக்கிறது, அம்மா. காலையிலிருந்து திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு ஓட்டுக் கேட்டதில் குரல் போய்விட்டது. மெதுவாகத்தான் சொல்ல முடியும். நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள். போனில் பதிவு செய்கிறாய் என்று தெரியும், தப்பில்லை. பைக்குள் இருந்தால் சரியாக விழாது. எடுத்து மேசை மேலேயே வை. மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன்.

கீழே நோட்டீஸ் மடிக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், கண்டுகொள்ளாதே. என் தம்பி மகள் வந்திருக்கிறாள், யாரும் மேலே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்துப் பெரியப்பா வீட்டுப் படி ஏறி வந்திருக்கிறாய். வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல், "அப்பா செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறாய். உன் அப்பா பேக்கரியில் இருந்த மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாராம். சொல்லியிருப்பார். அவர் அன்றைக்கு உன் அப்பாவின் தோளோடு தோளாக நின்றவர். கட்சிக்காரர்களுக்குப் பயந்து இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். சாகப்போகிறவருக்கு என்ன பயம்.

இந்தக் கேள்வியை நீதான் முதலில் கேட்கிறாய். போலீஸ்காரர்களும் கேட்டார்கள். ஆனால் பதிலையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்ட நெரிசல் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வரி அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் போட்டார்கள். லாரிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் சரக்குச் சீட்டை நீட்டும்போது உள்ளே வேறு ஏதாவது மடித்து வைத்திருப்பார்கள். நான் சீட்டை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பேன். டீக்கடையில்கூட ரசீது கேட்பேன். அதனால் எனக்கு 'ரசீது' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. "ரசீது சார் வர்றாரு, கடையச் சாத்து" என்பார்கள். நான் தெருவில் நடந்தால் ஷட்டர் இறங்கும் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

என் நேர்மையில் குறை சொல்ல ஆள் கிடையாது. பாராட்டவும் ஆள் கிடையாது. என்னோடு சேர்ந்தவர்கள் வீடு கட்டினார்கள், மாடி எடுத்தார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்ததெல்லாம் மாற்றல் உத்தரவு. ஒவ்வொரு ஊரிலும் வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். உன் பெரியம்மா கடைசியில் ஆணியே வேண்டாம் என்று காலண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். அப்படி ஒரு வீட்டில்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் என் மேசையில் கோப்பு எதுவும் நிலுவையில் இல்லாதவர்கள்.

உன் அப்பா எனக்கு நேர் எதிர். எங்கள் அப்பா போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்தான். என் முதல் சம்பளத்தில் அவனுக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு முழுக்க உட்கார்ந்தே இருந்தான். ஏன்டா என்று கேட்டால், "நடந்தா தேஞ்சிடும் அண்ணா" என்றான். படிப்பு ஏறவில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு வராதபோதெல்லாம் பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பான். ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து, அடுப்படியிலேயே வளர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டான். இரண்டு முன்கையிலும் சுட்ட தழும்பு வரிசையாக ஏணிப்படி மாதிரி இருக்கும். நீ குழந்தையாக இருந்தபோது அதன்மேல் விரலால் ஏறி ஏறி விளையாடுவாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

அவன் கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். வாங்க வந்தவர்கள் மட்டுமில்லை, சும்மா பேச வந்தவர்களும். நேற்றைய ரொட்டியைக் கொடுத்துவிட்டான் என்று சண்டை பிடிக்க வந்தவர்கூட, கிளம்பும்போது சிரித்துக்கொண்டுதான் போவார். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். பொறாமை என்று நீ சொல்லலாம். நான் அப்போது அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

ரொட்டிக்கு வரி கிடையாது, கேக்குக்கு உண்டு. பன் இரண்டுக்கும் நடுவில். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒருநாள் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான். "அண்ணா, இந்தப் பழப்பன் இருக்கே, மேல பழம் வைக்கிறேன், உள்ள ரொட்டி மாவுதான். இதுக்கு வரி உண்டா?"

"அதுவும் ரொட்டிதான்டா. போடாதே" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றான்.

நான் சொன்னபோது அது தப்பில்லை. விதியில் அந்த இடம் மங்கலாகத்தான் இருந்தது. பிறகு துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழமோ கிரீமோ வைத்த பன் எல்லாம் இனிமேல் கேக் கணக்கு என்று. எங்கள் அலுவலகத்தில் அது முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. படித்தேன். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. வாய் வரை வந்தது. அப்போது உன் அப்பா ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் சொல்லவில்லை. வெயில் அடிக்கும்போது குடையை வாங்கி மூலையில் சாத்தி வைப்பதில்லையா, அந்த மாதிரி. கையில் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவன் வருஷக்கணக்கில் பழப்பன் விற்றான். நானும் போகும்போதெல்லாம் தின்றேன்.

ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது கட்சியின் நகரச் செயலாளர் என்னைப் பார்க்க வந்தார். பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். "சார், உங்கள மாதிரி ஒரு ஆள் எங்களுக்கு வேணும். ஆனா உங்கள யாருக்கும் தெரியாதே" என்றார். "நேர்மைங்கிறது சட்டைக்குள்ள போட்ட பனியன் மாதிரி சார். போட்டிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்னா கழட்டிக் காட்டணும்ல?"

சிரித்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். எதைக் கழற்றிக் காட்டுவது. ஒரு பெரிய கடையில் சோதனை போடலாம். நகைக்கடை என்றால் ஒரு சங்கம் வரும். ஜவுளி என்றால் ஒரு சங்கம், அரிசி ஆலை என்றால் ஒரு சங்கம். யாரைத் தொட்டாலும் பின்னால் யாராவது இருந்தார்கள். உன் அப்பாவுக்கு இருந்த ஒரே சங்கம் நான்தான்.

உறவுக்காரர் கடைக்கு நாங்கள் சோதனைக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். நானே மேலதிகாரியிடம் போய், "என் கூடப் பிறந்த தம்பி சார். இருந்தாலும் நான் நேரில் நிற்க வேண்டும். சலுகை காட்டினேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது" என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். என் சர்வீஸில் ஒரு மேலதிகாரி எனக்காக எழுந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு பத்திரிகைக்காரருக்கும் தகவல் போயிருந்தது. போயிருந்தது என்கிறேன் பார். நான்தான் சொன்னேன்.

காலையில் போனோம். அடுப்பிலிருந்து முதல் சூட்டுப் பன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "என்ன அண்ணா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா? சூடா எடுத்து வச்சிருப்பேனே" என்று தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் வந்தவர்களுக்கும் நீட்டினான். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆள் ஒருவர் பன்னை மென்றுகொண்டேதான் விசாரணையைத் தொடங்கினார்.

"இதுக்கு வரி போட வேண்டாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

உன் அப்பா என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை, அம்மா. என்ன விடை சொல்லச் சொல்கிறேன் என்று பார்த்தான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"யாரும் சொல்லல சார்" என்றான். "எனக்கே தோணுச்சு."

புகைப்படக்காரர், "கொஞ்சம் தலையக் குனிங்க" என்றார். குனிந்தான். யார் எது சொன்னாலும் செய்கிறவன். மறுநாள் பத்திரிகையில் நான் நிமிர்ந்தும் அவன் குனிந்தும் இருந்தோம். தம்பி என்றும் பாராத அதிகாரி என்று எழுதியிருந்தார்கள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என்னை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஷட்டர் எதுவும் இறங்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன். கட்சி வேட்பாளர் என்று அறிவித்தது.

உங்கள் கடைக்குச் சீல் வைத்தார்கள். வேலையாட்கள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் தினமும் வந்து பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். உன் அம்மா என் போனை எடுப்பதில்லை. அவன் மட்டும் ஒருநாள் வந்தான். இதே அறைதான். நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். இளைத்திருந்தான். அடுப்புச் சூடு இல்லாமல் உடம்பு வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா, கடை போனா போகுது. கை இருக்கு, எங்கயாவது மாவு பிசைஞ்சு பொழைச்சுக்குவேன். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல திருட்டு பன்னுன்னு கூப்பிடுறாங்களாம். சாப்பிடாம படுத்துக்கிறா. நீ சொல்லித்தான் செஞ்சேன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன். இவனுக்குத் தெரியாம நடந்துருச்சுன்னு நீ ஒரு வார்த்தை எங்கயாவது சொல்லேன். எனக்கு அது போதும்."

தெரியாமல் நடந்தது என்றால் பிறகு எதற்குச் சோதனை, எதற்குச் சீல், எதற்கு நான். "தேர்தல் முடியட்டும்டா, பார்க்கலாம்" என்றேன்.

"சரி அண்ணா. நீ சொன்னா சரி" என்று எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பி, "முதல் கூட்டம் எங்க?" என்று கேட்டான். பஸ் நிலையத்துக்கு எதிர் மைதானம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

இனிமேல்தான் நீ கேட்டதற்குப் பதில். தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்.

நான் அதற்கு முன்னால் கூட்டத்தில் பேசியதில்லை. இருட்டும் முன்பே மைதானம் நிறைந்துவிட்டது. எழுதிக்கொண்டு போனதைப் பேசினேன். வரி ஏன் கட்ட வேண்டும், அது எப்படிப் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் திரும்பி வருகிறது என்று. நல்ல பேச்சுதான். ஆனால் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக் கடலை வண்டிப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் எங்கேயோ தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். தட்ட வேண்டிய இடம் என்று இல்லை, நான் மூச்சு வாங்க நிறுத்தினாலே தட்டினார். கட்சி ஏற்பாடு செய்த ஆள் போலிருக்கிறது, காசுக்கு மேலேயே வேலை செய்கிறான் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து செயலாளர், "தம்பி கதைய எடுங்க சார்" என்றார்.

எடுத்தேன். சொந்த ரத்தம் என்றேன். அண்ணன் இருக்கிறான் என்ற தைரியத்தில் அரசாங்கத்தை ஏமாற்றினான் என்றேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியதை மாவில் மறைத்தான் என்றேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். வெயிலில் காய்ந்த தரை தண்ணீரைக் குடிப்பது மாதிரி அவர்கள் முகங்கள் மாறுவதை மேடையிலிருந்து பார்க்க முடிந்தது. அப்போதுதான் அவனையும் பார்த்தேன். விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, தழும்பு தெரியாமல் முழுக்கையையும் பொத்தான் போட்டு மூடியிருந்தான். கைதட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

நான் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் தட்டினான். அண்ணன் முதல் தடவையாக மேடையில் நிற்கிறான், ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்று வந்திருக்கிறான். அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரியவில்லை என்று உன்னிடம் சொன்னால் பொய்.

"அந்தத் தம்பி வேறு எங்கேயும் இல்லை" என்றேன். "இதோ, இங்கேதான் நிற்கிறான்." கையை நீட்டிக் காட்டினேன்.

அண்ணன் தன்னை அறிமுகப்படுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டான், அம்மா. சிரித்துக்கொண்டே கையை உயரத் தூக்கினான். தூக்கியிருக்காவிட்டால் யார் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. மாஸ்டர் உன்னிடம் சொன்னது இதைத்தானே.

முதலில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. பிறகு யாரோ சட்டையைப் பிடித்தார்கள். மாஸ்டர் குறுக்கே விழுந்தார், அவரைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்கள். மைக் என் கையில் இருந்தது. அவனை விடுங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். கூட்டம் அப்போது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது, உட்கார் என்றால் உட்கார்ந்திருக்கும். நான் சொல்லவில்லை.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம். அத்தனை வருஷ வேலையில் என்னைப் பார்த்து யாரும் அப்படி ஒரு சத்தம் எழுப்பியதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஏதாவது பெரிதாக இருக்குமோ என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. விழுகிற வரைக்கும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்த பிறகு, "அமைதி, அமைதி" என்றேன். ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். பேசுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்திருந்தேன்.

மற்றதெல்லாம் செயலாளர் பார்த்துக்கொண்டார். நெரிசல் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அடக்கத்தன்று உன் அம்மா என்னை வீட்டுக்குள் விடவில்லை. எதிர்ச்சாரியில் மூடின கடையின் படியில் உட்கார்ந்து, அவனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நீ பள்ளிச் சீருடையில் நின்றாய். மாற்று உடை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை போலிருக்கிறது. அதற்கடுத்த கூட்டத்தில் தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் என்று என்னை அழைத்தார்கள். மேடையில் அழுதேன். நடிப்பு என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள். நடிப்பில்லை. இன்றைக்கும் எங்கேயாவது பேக்கரி வழியாக ஜீப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன், தூசி என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டு. அந்த வாசனை வந்தால் பேச்சு வராது.

அத்தனைக்கும் அந்தத் தேர்தலில் நான் தோற்றுப் போனேன். உங்கள் தெருவில் எனக்கு யாருமே போடவில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தம். இந்தத் தடவை காற்று நம் பக்கம் என்கிறார்கள். ஜெயித்தால் சட்டசபையில் என் முதல் பேச்சு எது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். பழப்பன்னுக்கு வரி விலக்கு. அவனுக்காக அதையாவது செய்ய வேண்டாமா. அண்ணன் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்.

எழுந்துவிட்டாய். போனை எடுத்துக்கொள், மறந்துவிடாதே. அதை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடு, கீழே உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள். நான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டுப் பதிவு முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றும் கேட்கப்போவதில்லை. உன் அம்மா எனக்குப் போட மாட்டாள். நீயும் போட மாட்டாய். அது நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால், எனக்குத்தான் போட்டிருப்பான்.